கேள்வி கேட்காத ஏட்டு

போன மாதம் எங்கள் வீட்டுக்கு இரண்டு போலீஸ்காரப் பெண்கள் ஸ்கூட்டரில் வந்தார்கள். வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்கு அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வரச்சொல்லி மேலிடத்து உத்தரவாம். நல்ல பிள்ளைகள். பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். ஆனால் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார்கள். பேர் என்ன, வயசு என்ன, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், சர்க்கரை இருக்கிறதா, பீரோ சாவி யாரிடம் இருக்கிறது, அக்கம்பக்கத்தில் யாரோடாவது தகராறு உண்டா என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கேள்வி. எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டதே தவிர, புத்தியில் ஒரு குறையும் இல்லை. அப்படியும் பாதியிலேயே என் நாக்கு தானாகப் புரண்டு, "தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டது. சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவிக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அவர்கள் போனபிறகு வெகுநேரம் ஏட்டய்யாவை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் பேரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. நேரில் ஏட்டய்யா, முதுகுக்குப் பின்னால் கோணப்பேச்சு ஏட்டு. வடக்கனந்தலுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்கள் ஊர். அவர் இருந்த ஸ்டேஷனுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் கரும்புக் கொல்லைகளும் மரவள்ளிக் கொல்லைகளும்தான். பொட்டல் வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சுக்குத் துண்டு இருக்கும். அதில் ஒரு கிள்ளு வாயில் போட்டு ஒதுக்கிக்கொள்வார். வயதானவர்கள் யாரைப் பார்த்தாலும் முதலில் தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொள்வார். அப்புறம் ஏதாவது ஒன்றைத் தப்பாகச் சொல்வார்.

அதுதான் அவர். ஒரு போலீஸ்காரர் வாயில் கேள்வியே வராது என்றால் நம்புவீர்களா? வயதானவர்களிடம் மட்டும் அவர் கேள்வி கேட்கமாட்டார். தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டு, அவர்கள் திருத்துவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

முதன்முதலில் இதை நான் கண்ணால் பார்த்தது, எங்கள் அடுத்த வீட்டுப் பெரியம்மாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது. பெரியம்மா தனிக்கட்டை. காதில் போட்டிருந்த கம்மலைக் காணோம் என்று இரண்டு நாளாகச் சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தார். நான் அப்போது பள்ளிக்கூடத்துச் சத்துணவில் அமைப்பாளராக இருந்தேன். நாலு எழுத்து தெரிந்தவள் என்று எதற்கெடுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்டேஷன் படிகள் உயரமானவை. பெரியம்மா முதல் படியிலேயே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடுங்க ஆரம்பித்தார். உள்ளேயிருந்து பார்த்த ஏட்டு இறங்கி வந்தார். படியேற முடியாதவர்களுக்காக, வெளியே புங்கமரத்தடியில் ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து போட்டிருந்தார். அதில் பெரியம்மாவை உட்காரவைத்து, தானும் எதிரில் ஒரு கல்மேல் உட்கார்ந்தார்.

"உங்க நாலு பொண்ணுங்களும் ஒரே ஊர்ல வாக்கப்பட்டது நல்லதாப் போச்சி பெரிம்மா" என்றார்.

பெரியம்மாவுக்கு நடுக்கம் சட்டென்று நின்றது. "நாலு பொண்ணா? எனக்கேதுங்க பொண்ணு? ரெண்டும் ஆம்பளப் பசங்க."

"அப்படிங்களா. பெரியவரு உங்கள வுட்டு நகர மாட்டாருன்னு சொன்னாங்க."

"எவன் சொன்னான்? பெரியவன் பெங்களூரு போயி எத்தினி வருஷம் ஆவுது. சின்னவன்தான் வருவான் போவான்."

"சின்னவரும் இந்தப் பக்கமே வர்றதில்லியாம்."

"வராம? முந்தாநேத்து வந்து சாப்ட்டுட்டு, எம் பக்கத்துலதானே படுத்துக்கினு இருந்தான்." சொன்ன பெரியம்மா அப்படியே நிறுத்திவிட்டார். வெறும் காதைத் தடவிப்பார்த்துக்கொண்டார். ஏட்டு சுக்கில் ஒரு கிள்ளு எடுத்து அவரிடம் கொடுத்தார்.

கேஸ் எதுவும் எழுதவில்லை. ஆனால் அந்த வாரமே கம்மல் காதுக்கு வந்துவிட்டது. சின்ன மகனை ஏட்டு எங்கே பார்த்தார், என்ன சொன்னார் என்று பெரியம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளையைக் காட்டிக்கொடுத்த பாவமும் இல்லாமல், பொருளும் போகாமல் பெரியம்மா நிம்மதியாக இருந்தார். சாகும்வரைக்கும் அந்தக் கம்மல் அவர் காதிலேயே கிடந்தது.

இன்னொரு நாள் அவர் எங்கள் தெருவழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது கேட்டேவிட்டேன். "இன்னா ஏட்டய்யா, வயசானவங்களக் கண்டா மட்டும் இப்படித் தப்புத் தப்பா பேசறீங்க?"

"கேள்வி கேட்டா அவங்களுக்குப் பயம் வருதும்மா. பயம் வந்தா இருக்கறதும் மறந்துபூடுது. தப்பாச் சொல்லிப்பாரு, கோவம் வரும். கோவம் வந்தா எல்லாம் ஞாபகம் வரும்" என்றார்.

வெட்கமே இல்லாத மனுஷன். ஊர்க் கிழவர்கள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். "போலீஸ்காரன்னு பேரு, ஒரு வெவரமும் தெரியல" என்பார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே, "அப்படிங்களா, அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டிருப்பார். இன்றைக்கு ஏட்டு என்ன தப்புச் சொன்னார் என்று கேட்டுச் சிரிப்பதே எங்களுக்கு ஒரு பொழுதுபோக்காக இருந்தது.

சிரிப்பெல்லாம் மறியல் வரும் வரைக்கும்தான். இடஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜனங்கள் ரோட்டில் இறங்கிய சமயம். ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் நின்றது, லாரி நின்றது. வெளி மாவட்டங்களிலிருந்து வண்டி வண்டியாகப் போலீஸ் வந்து இறங்கியது. வண்டிச் சத்தம் கேட்டால் போதும், ஊரில் உள்ள ஆம்பிளைகள் எல்லாம் கரும்புக் கொல்லைக்குள் புகுந்து மலைக்கு ஏறிவிடுவார்கள். பிறகு ஏறினவர்கள் இறங்கவே இல்லை. ஊரில் மிச்சம் இருந்தது நாங்களும் குழந்தைகளும், ஓடமுடியாத கிழவர் கிழவிகளும்தான். நாங்கள் கூலி வேலைக்கும் சத்துணவுக்கும் போய்விட்டால் பகலெல்லாம் வயதானவர்கள் மட்டும்தான். யாராவது விழுந்து கிடந்தால் தூக்க ஆள் கிடையாது.

அந்த நாட்களில் ஏட்டு மட்டும் தனியாக, சைக்கிளில், பட்டப்பகலில் வந்தார். தெருமுனையிலேயே மணியை அடித்துக்கொண்டு வருவார். திடுதிப்பென்று காக்கிச் சட்டையைப் பார்த்தால் கிழடுகள் பயந்துபோகும் என்பதற்காக. அடிபம்பு மேடையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, "இந்த ஊர்ல யாருக்கும் ஒரு நோயும் கெடையாதாமே, கொடுத்துவச்ச ஊரு" என்பார். அவ்வளவுதான், ஆளாளுக்கு எழுந்துவிடுவார்கள். ஒருவருக்கு இளைப்பு மாத்திரை தீர்ந்து நாலு நாளாகிறது. ஒருவருக்குக் கண்ணில் சீழ். ஒரு கிழவி கிணற்றடியில் வழுக்கி இடுப்பு பிடித்துக் கிடக்கிறார். எல்லாவற்றையும் "அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டு போவார். மறுநாளோ அதற்கு மறுநாளோ நர்சம்மா வந்துவிடும். போலீஸ் செய்கிற வேலையா இது என்று ஸ்டேஷனிலேயே கேலி செய்தார்களாம். "வயசானவங்க மட்டும் இருக்கற ஊருக்கு இன்னா போலீஸ் வேல வேணுமோ, அத்தத்தான் செய்யறேன்" என்றாராம்.

ஆனால் எங்களுக்கு உள்ளூர ஒரு பயம் வந்துவிட்டது. இத்தனை நாள் நாங்கள் சிரித்த அந்தக் கோணப்பேச்சு, ஆளை அறியாமல் வாயைப் பிடுங்குகிற வித்தை என்று அப்போதுதான் உறைத்தது. மாத்திரை தீர்ந்துவிட்டதைச் சொல்கிற வாய், மகன் எங்கே இருக்கிறான் என்பதையும் சொல்லிவிடும் அல்லவா.

என் வீட்டுக்காரர் பேரும் ஒரு மரம் வெட்டின கேஸில் இருந்தது. வெட்டினாரா இல்லையா என்று இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. வெள்ளிமலைக்கு மேலே, தெரிந்த ஒருவரின் சாமைக் கொல்லையில், கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார். ஊரில் அந்த இடம் எனக்கும் என் மாமனாருக்கும் மட்டும்தான் தெரியும். ஒருநாள் பம்படியில் நான் குடத்தை வைத்துக்கொண்டிருக்கும்போது ஏட்டு சொன்னார், "உங்க வூட்டுக்காரரு மெட்ராஸ்ல கொத்தனார் வேல பாக்கறாராமே."

"கொத்தனாரா, அவருக்கு கரண்டி புடிக்கக்கூடத்..." என்று ஆரம்பித்துவிட்டேன். பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஏட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. "தண்ணி ரொம்பிப் போவுது பாரும்மா" என்று குடத்தைக் காட்டினார். அன்றிலிருந்து அவர் மணிச்சத்தம் கேட்டால் நான் அடுப்பங்கரைக்குள் போய்விடுவேன்.

சாமைக் கொல்லைக்காரரிடம் இதை நான் சொல்லி அனுப்பியதும் வீட்டுக்காரர் ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில் கொல்லைப்பக்கமாக வந்தார். தன் அப்பாவை எதிரில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

"யப்பா, போலீஸ்காரன் இன்னா கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும். வேற ஒரு வார்த்த பேசக்கூடாது. எங்க, சொல்லு. உன் பையன் எங்க?"

"தெரியாது."

"உன் ஊரு?"

"வடக்கனந்த..."

"அதான் வாணான்றேன். பேரச் சொன்னா ஊரு வரும், ஊரச் சொன்னா நான் வந்துடுவேன். எல்லாத்துக்கும் தெரியாது. உன் பேரு இன்னா?"

"தெரியாது" என்றார் மாமனார், வீறாப்பாக.

என் மாமனாருக்கு அப்போது எழுபத்தைந்து வயதிருக்கும். பார்வை மங்கல். காது நன்றாகக் கேட்கும். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் அதில் ஒரு புள்ளி மாறாது. நான் விளையாட்டுக்கு, "மாமா, சாப்ட்டீங்களா" என்று கேட்டேன். "நீ போலீசா? ஒனக்குத் தெரியாதுன்னு சொல்ல?" என்று முறைத்தார். மூன்றுபேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எங்கே போய் முட்டும் என்று எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

நாலைந்து நாள் கழித்து மாமனாரைக் காணோம். எலவனாசூர்கோட்டையில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வேண்டும் என்று அவர் முனகிக்கொண்டே இருந்தார். புதுக் கடலை பறித்திருந்தோம். அதில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, நான் சத்துணவுக்குப் போன நேரம் பார்த்துக் கிளம்பிவிட்டார். கள்ளக்குறிச்சியில் அவரைப் பஸ்ஸில் பார்த்ததாக ஒரு பால்காரர் சொன்னார். அந்தப் பஸ் பாதி வழியில் மரம் கிடந்ததால் நின்றுபோன செய்தியும் சேர்ந்தே வந்தது. நாத்தனார் வீட்டுக்குச் சொல்லியனுப்பினேன். அங்கே வந்து சேரவில்லை. இரண்டு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த ரோட்டில் தடியடி நடந்தது என்றார்கள். மலையில் இருக்கிற மனுஷனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

மூன்றாம் நாள் காலையில் மணிச்சத்தம். ஏட்டு பம்படியில் நிற்காமல் நேராக என் வாசலுக்கு வந்தார்.

"ஒயர்லெஸ்ல ஒரு சேதி வந்துதும்மா. உளுந்தூர்பேட்டையில மறியல் ஆளுங்கள ஒரு கல்யாண மண்டபத்துல வச்சிருக்காங்க. அதுல, பஸ்ஸு நின்ன எடத்துல சேத்து ஏத்திக்கினு வந்த ஒரு பெரியவரு. கையில கடலப்பை. பேரு கேட்டா தெரியாதுன்றாராம், ஊரு கேட்டா தெரியாதுன்றாராம். சோறு வேணுமான்னு கேட்டாலும் தெரியாதுன்றாராம். புத்தி கலங்கிப்போச்சி, நாளைக்கி மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உயிரோடு இருக்கிறார். "அவருக்குப் புத்தி கலங்கலீங்க ஏட்டய்யா" என்று சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டேன்.

"கெளம்பு. நான் கூட வர்றேன்" என்றார் ஏட்டு.

அடுத்த வீட்டுப் பெரியம்மா என்னை உள்ளே இழுத்தார். "இந்தாள இட்டுக்கினு போவாதடி. பெரியவரு வாயிலேர்ந்து ஒரே ஒரு வார்த்தயப் புடுங்கினா போதும், உம் புருஷன மலையிலேர்ந்து எறக்கிடுவாரு. எனக்கே எப்படிப் புடுங்கினாருன்னு பாத்தியே."

பெரியம்மா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டால் அந்தக் கிழவரை எந்த வார்டில் போய்த் தேடுவது? அங்கேயும் யார் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார், செத்தாலும் மாற்றமாட்டார். ஒருபக்கம் மாமனார், ஒருபக்கம் புருஷன். ரேஷன் கார்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பிவிட்டேன்.

மண்டபத்தில் ஜமுக்காளச் சுருள் ஒன்றின்மேல் மாமனார் உட்கார்ந்திருந்தார். கடலைப் பை மடியில். ரெண்டுநாள் தாடி. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. வேறு மாவட்டத்திலிருந்து வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். முரட்டு ஆள் இல்லை, தூக்கம் கெட்ட ஆள்.

"வூட்டுக்காரரு எங்கம்மா?" என்றார் என்னிடம்.

"வெளியூர் வேலைக்குப் போயிருக்காருங்க" என்று ரேஷன் கார்டை நீட்டினேன்.

"எல்லா அம்மாவும் அதைத்தான் சொல்றீங்க. வாசல்ல நிக்கிற ஆளுங்கள்ல பாதிப்பேர் சித்தப்பா, பெரியப்பான்னு யாரையோ சொல்லிக் கூட்டிட்டுப் போகப் பாக்குறாங்க. கார்டுல போட்டோவா இருக்கு? அவரே சொல்லட்டும்." மாமனார் பக்கம் திரும்பினார். "பெரியவரே, இந்தம்மா யாரு?"

மாமனார் கண்ணை இடுக்கி என்னைப் பார்த்தார். என் குரலை அவர் அடையாளம் கண்டுகொண்டது எனக்குத் தெரிந்தது. முகம் ஒரு நொடி மலர்ந்தது. பிறகு இறுகிவிட்டது.

"தெரியாது" என்றார்.

"மாமா, நான்தான் மாமா. சொல்லுங்க" என்று கெஞ்சினேன். போலீஸ் என்னை மிரட்டிச் சொல்ல வைக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "தெரியாது. யாரையும் தெரியாது."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இன்ஸ்பெக்டர் கையை விரித்தார். அப்போது ஏட்டு, "ஐயா, ஒரு நிமிஷம்" என்றார். தொப்பியைக் கழற்றினார். மாமனாருக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பைக்குள் கையைவிட்டு ஒரு கடலையை எடுத்து உடைத்தார்.

"பெரிவரே, உங்க பக்கம் கடல பூரா மழையில அழுவிப்போச்சாம். இது கடையில வாங்கினதுன்னு சொல்றாங்க."

போலீஸ் கேட்டால் தெரியாது என்று சொல்லத்தான் மகன் சொல்லிக்கொடுத்திருந்தான். போலீஸ் தப்பாகப் பேசினால் என்ன செய்வது என்று சொல்லித்தரவில்லையே. மாமனாருக்கு மூக்கு விடைத்தது.

"கடையில வாங்கினதா? எங் கொல்லையில வெளஞ்சது. எங்க மண்ணுல கடல அழுவுனதா சரித்திரமே கெடையாது."

"மண்ணு நல்ல மண்ணுதான். ஆனா உங்க உளுந்தூர்பேட்டையில தண்ணியே கெடையாதாமே."

"யோவ், நான் எதுக்கு உளுந்தூர்பேட்டையா இருக்கப்போறேன்? வடக்கனந்தலுக்கு அந்தாண்ட, மலையோரம். அணத்தண்ணி பாயற ஊரு."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஏட்டு இன்னொரு கடலையை உடைத்தார். "இந்தம்மா உங்க பொண்ணாம். ஆனா சமையல் வாயில வைக்க வெளங்காதாம், ஊர்ல பேசிக்கிறாங்க."

"பொண்ணு இல்லய்யா, மருமவ. பொண்ணு எலவனாசூர்ல கீது. சமையலுக்கு இன்னா கொறச்சல்? பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க அத்தினி பேருக்கும் ஆக்கிப்போடுது. உப்புதான் கொஞ்சம் கம்மியாப் போடும்."

அழுதுகொண்டிருந்த எனக்கு ஆத்திரமே வந்துவிட்டது. உப்பு அளவாகத்தான் போடுவேன். மண்டபத்தில் இருந்த போலீஸ்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள், பிடிபட்டு உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டார்.

சிரித்தவர் என் ரேஷன் கார்டைப் பார்த்துக்கொண்டே, மேஜையில் இருந்த தேடப்படுகிறவர்கள் பட்டியலைப் புரட்டினார். நிமிர்ந்து, "நல்லா பேச வைக்கிறீங்க ஏட்டு. அப்படியே அந்தப் பையன் எங்க இருக்கான்னும் வாங்கிடுங்க" என்றார்.

நான் மாமனார் பக்கத்தில் நகர்ந்து நின்றேன். உங்க பையன் சேலத்துல இருக்காராமே என்று ஏட்டு ஒரு வார்த்தை விட்டால் போதும். "சேலமா, எவன் சொன்னான்" என்று ஆரம்பித்து, சாமைக் கொல்லைக்கு ஏறுகிற ஒற்றையடிப் பாதை வரைக்கும் மாமனார் சொல்லிவிடுவார். கிழவர் நல்ல சூட்டில் வேறு இருந்தார். ஏட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவர் எழுந்து நின்றார். வேட்டியா கட்டியிருக்கிறார் உதற, ஆனாலும் காற்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மண்டபமே அதிரும்படி கேட்டார்.

"யோவ் பெரிசு, உன் பையன் எங்க இருக்கான்?"

அத்தனை வருஷத்தில் ஒரு வயதானவரிடம் அவர் கேள்வி கேட்டதை அன்றுதான் பார்த்தேன்.

மாமனார் விறைத்து நிமிர்ந்தார். "தெரியாது."

"கடைசியா எப்ப பாத்த?"

"தெரியாது."

"பையன் பேரு இன்னா?"

"தெரியாது."

ஏட்டு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "அவ்ளோதாங்கய்யா. ஞாபகம் வந்து வந்து போவுது. வயசாயிடிச்சி."

இன்ஸ்பெக்டர் ஏட்டை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கண்ணைத் தேய்த்துக்கொண்டு, "சரி, கூட்டிட்டுப் போங்கம்மா" என்றார்.

அன்று மத்தியானம் பஸ் ஓட ஆரம்பித்திருந்தது. பஸ்ஸில் ஏறினதும் மாமனார் என் காதருகே குனிந்து, "ஒன்னியும் சொல்லல பாத்தியா" என்றார். எலவனாசூர்கோட்டை வந்ததும், கடலையைக் கொடுக்காமல் ஊருக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம். ஏட்டும் எங்களோடு இறங்கினார். நாத்தனார் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தக் கடலையிலேயே கொஞ்சம் அவித்து, வழிக்கு என்று ஒரு பொட்டலம் கட்டிக்கொடுத்தாள். மறுபடியும் பஸ் ஏறினோம். மாமனாரும் நானும் ஒரு சீட்டில், முன்சீட்டில் ஏட்டு.

பஸ் கிளம்பியதும் ஏட்டு எங்கள் பக்கம் திரும்பி, சர்வ சாதாரணமாக என்னிடம் சொன்னார், "உங்க வூட்டுக்காரரு திருப்பூர் பனியன் கம்பெனியில சேந்துட்டாருன்னு கேள்விப்பட்டேன். நல்ல எடம். கேஸு முடியற வரைக்கும் அங்கியே இருக்கட்டும்."

தெரிந்தே சொல்கிறார். மலையில் இருப்பது அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அப்போதுதான் எனக்கு மண்டபத்துப் பார்வையும் விளங்கியது. இத்தனை நாள் இந்த மனுஷருக்குப் பயந்தா அடுப்பங்கரையில் ஒளிந்தோம் என்று வெட்கமாகிவிட்டது.

"ஆமாங்க ஏட்டய்யா. திருப்பூருதாங்க" என்றேன். அவர் சொன்ன தப்பை நான் திருத்தாமல் விட்டது அந்த ஒருதடவைதான்.

ஆனால் பக்கத்தில் ஒருவர் இருக்கிறாரே. "திருப்பூரா?" என்று மாமனார் சீட்டில் நிமிர்ந்தார். "எவன் சொன்னான் உனக்கு? அவன்..."

பஸ் நிறையக் கூட்டம். முன்னால் காக்கிச் சட்டை போட்ட இரண்டு புது ஆட்கள் வேறு நின்றுகொண்டிருந்தார்கள். நான் மாமனார் கையைப் பிடிப்பதற்குள் ஏட்டு சன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். கொளுத்துகிற வெயிலில் எலவனாசூர்க் கோயில் தெரிந்தது.

"பெரிவரே, அந்தக் கோயிலு போன வருஷந்தான் கட்டினாங்களாமே. புதுக் கோயிலுன்னு சொல்றாங்க."

மாமனாருக்கு மகன் மறந்துபோனான். "புதுக் கோயிலா? யோவ், உனக்கு இன்னா வயசு? எங்க தாத்தாவோட தாத்தா காலத்துக்கும் முன்னாடி, ராஜாங்க கட்டின கோயிலுய்யா அது" என்று ஆரம்பித்தவர், தியாகதுருகம் தாண்டியும் நிறுத்தவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதும் திட்டிக்கொண்டேதான் இறங்கினார். ஏட்டு வழி முழுக்க, "அப்படிங்களா, அப்படிங்களா" என்று தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். நான் மூன்று நாளைக்கு அப்புறம் பசி தெரிந்து, அந்தப் பொட்டலத்துக் கடலை முழுவதையும் ஒற்றை ஆளாகத் தின்று தீர்த்தேன்.